கண்ணாடி பார்க்கும் பெண்

முகம் தெரியாத வேலை என்பதால்தான் வானொலியைத் தேர்ந்தெடுத்தேன். ஊடகத்துறையில் பட்டம் படித்தபோது தோழிகள் தொலைக்காட்சிக் கனவில் இருந்தார்கள். கன்னமெல்லாம் பரு வடுக்களோடு வளர்ந்த எனக்குக் குரல் போதும் என்றிருந்தது.

11 ஆண்டுகள் நிம்மதியாகப் போயின. சென்ற ஆண்டு ஒலிபரப்பறைக்குள் கேமரா வந்தது. காலை நிகழ்ச்சி முகநூலிலும் நேரலை. முதல் வாரமே ஒரு நேயர் எழுதினார்: "குரலை வைத்து வேறு மாதிரி நினைத்திருந்தேன்." திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையோடுதான் ஆண்டிறுதி விடுமுறையில் அம்மாவுடன் கர்நாடகம் சென்றேன்.

பேலூர் சென்னகேசவர் கோயில். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், 1117இல் எழுந்தது. அங்கே எல்லாரும் அண்ணாந்துதான் நடக்கிறார்கள். தூண் தலைக்கும் கூரை விளிம்புக்கும் இடையே, சாய்வாக நிற்கும் தேவமங்கையர்தான் காரணம். மதனிகைகள் என்கிறார்கள். வெளியே 38 பேர், உள்ளே 4 பேர். நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற மாக்கல் இனம்தான். செதுக்க மென்மையான கல் என்பதால் வளையல், முத்துச்சரம், தலைக்கு மேலே கொடிப்பந்தல் என்று உளி புகுந்து விளையாடியிருக்கிறது.

சில சிலைகளின் அடியில் செய்தவர் பெயர் இருக்கிறது. தாசோஜா, அவர் மகன் சாவணா என்று வழிகாட்டி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிற்பியின் பெயர் தெரியும், முகம் தெரியாது. நானும் அப்படித்தானே இருந்தேன்!

கண்ணாடி பார்க்கும் பெண்ணின் முன்னால்தான் கூட்டம் அதிகம். தர்ப்பண சுந்தரி. கையில் கண்ணாடியை ஏந்தித் தன்னைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே இருபது கைப்பேசிகள் அவளை நோக்கி நீண்டிருந்தன. நானும் நீட்டினேன்.

அம்மா மட்டும் படம் எடுக்கவில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "நாமதான் இவள வெச்ச கண்ணு வாங்காம பாக்குறோம். இவ நம்மள ஒரு தடவகூட பாக்கல, கவனிச்சியா?" என்றார். பிறகு அடுத்தடுத்த தூண்களைக் காட்டினார். "ஒருத்தி ஆடுறா, ஒருத்தி மேளம் தட்டுறா, ஒருத்தி கிளியோட பேசுறா. அவளவளுக்கு அவளவ வேலை."

அம்மாவிடம் நான் அந்த நேயரைப் பற்றிச் சொன்னதே இல்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கோயிலை இன்னொரு சுற்று சுற்றினேன். ஏறத்தாழ 900 ஆண்டுகளாக எத்தனை கண்கள் அளந்திருக்கும், எத்தனை வாய்கள் குறை சொல்லியிருக்கும்! மேளம் தட்டுகிறவள் கை இன்னும் மேளத்தின் மேல்தான் இருக்கிறது.

திரும்பி வந்ததும் வேலையை விடவில்லை. கேமராவும் அங்கேயேதான் இருக்கிறது. முன்பெல்லாம் பாடல் ஓடும்போது கருத்துகளைத்தான் மேய்ந்துகொண்டிருப்பேன். இப்போது நிகழ்ச்சி முடிந்து, பசியாறிவிட்டு வந்துதான் திறக்கிறேன். சில நாள் திறக்கவே மறந்துவிடுகிறேன்.