பத்து சீல், ஒரு சாப்பாடு!

விசுவாசம் என்றால் செஞ்சிக்காரர்களுக்குத் தேசிங்கு ராஜன் கதைதான் ஞாபகம் வரும். 1714-ல் ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி, இளம் வயதிலேயே உயிரை விட்டவர் தேசிங்கு. அவருடைய நண்பன் மகமத்கான், தன் கல்யாணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, கூடவே சண்டை போட்டுச் செத்தான் என்கிறது கதைப்பாட்டு. அதற்காக அவன் கணக்கில் ஒரு பாயிண்ட்கூட வரவு வைக்கப்படவில்லை!

இப்போது அதே ஊரில் விசுவாசத்துக்கு கார்டு போட்டுக் கொடுக்கிறார்கள். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. நாமே கவுண்டரில் போய்ச் சொல்லி, முன்பணம் கட்டி, நம்பர் கூப்பிட்டதும் எழுந்து ஓடி, ட்ரேயை வாங்கி வந்து சாப்பிட வேண்டும். (இதையே வீட்டில் செய்யச் சொன்னால் சண்டைக்கு வருவோம்.) ஓட்டலும் இல்லை, மெஸ்ஸும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி. அங்கேதான் பில்லோடு ஒரு கார்டும் தருகிறார்கள். பத்து சீல் விழுந்தால் அடுத்த சாப்பாடு இலவசம்.

பி.காம். படித்தவனிடம் கார்டைக் கொடுத்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் படிப்பான். பொடி எழுத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒரு சீலுக்குக் குறைந்தபட்சம் 150 ரூபாய் பில். இலவசச் சாப்பாடு 120 ரூபாய்க்குள். 60 நாளைக்குள் முடிக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 150 ரூபாய்க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 157 ரூபாய் 50 காசு. பத்து தடவைக்கு 1,575. கிடைப்பது 120. அதாவது ஏழரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பாங்க் டெபாசிட்டுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். டெபாசிட்டில் அசல் திரும்பி வரும். இங்கே அசலைச் சாப்பிட்டுவிட்டோம்!

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி சதவீதம் அல்ல. 'இந்த கார்டு இல்லாவிட்டால் இன்றைக்கு எங்கே சாப்பிட்டிருப்பேன்?' என்பதுதான். நான் போகிற மெஸ்ஸில் மதியச் சாப்பாடு 90 ரூபாய். பதினோரு சாப்பாடு மெஸ்ஸில் 990. அங்கே, கடைசி இலவசத்தையும் சேர்த்து, 1,575. 585 ரூபாய் கூடக் கொடுத்து 120 ரூபாய்ச் சாப்பாட்டை 'ஓசி'யில் சாப்பிடுவதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கார்டு இல்லாவிட்டாலும் தினம் அங்கேதான் சாப்பிடுவேன் என்கிறவருக்கு அது நிஜமாகவே லாபம். தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அந்தக் கடையில் சாப்பாடும் மோசமில்லை. பிரச்னை, கார்டுக்காகச் சாப்பிடப் போகிறவர்களுக்குத்தான்.

எங்கள் மாடியில் ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதில் கலெக்‌ஷன் பார்க்கும் தம்பி ஒருவன். பதினைந்தாயிரம் சம்பளம், அதில் மாசாமாசம் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் மெஸ்ஸுக்குக் கூப்பிட்டேன். "இல்லண்ணே, இன்னும் மூணே சீல்தான். முடிச்சுட்டா ஒரு சாப்பாடு ஃப்ரீ!" என்றான். அந்த வாரம் ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ராஜகிரிக் கோட்டை ஏறியவர்களுக்குப் புரியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைப் பிளவும் அதன்மேல் ஒரு பாலமும் வரும். பாதி மலையில் மூச்சு வாங்கித் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பாலம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் யாராவது உண்டா? கால் தானாக வேகம் எடுக்கும். காபிக் கடை கார்டுகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியானது. பத்தாவது சீல் நெருங்க நெருங்க, ஜனங்கள் காபி குடிக்க வரும் இடைவெளி குறைந்துகொண்டே போனதாம். நாக்கு கேட்கவில்லை, கார்டு கேட்டது.

நம் தம்பி ஒன்பது சீல் வரை வந்துவிட்டான். அறுபதாவது நாள் வசூலுக்காக மேல்மலையனூர் பக்கம் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் கடை மூடியாகிவிட்டது. மறுநாள் போய் நின்றால், கவுண்டர் பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னானாம்: "டேட் முடிஞ்சிடுச்சு சார். புது கார்டு தர்றேன். முதல் சீல் நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோம்!"

அந்த முதல் சீல் சும்மா இல்லை. அதே 2006-ல் வந்த இன்னோர் ஆராய்ச்சி. கார் கழுவும் இடத்தில் 300 கார்டுகள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், இரண்டில் ஏற்கெனவே சீல். இரண்டு கோஷ்டிக்கும் பாக்கி எட்டுதான். ஆனால் காலிக் கார்டுக்காரர்களில் 19 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். இரண்டு சீல் ஓசியாக வாங்கியவர்களில் 34 சதவீதம்! ஒரு துளி மைக்கு இவ்வளவு சக்தி.

சரி, முடிக்காதவர்களின் காசு? பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பாருங்கள். 2018 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் இந்தியக் கணக்கியல் விதி 115-ன்படி, நமக்குத் தரும் பாயிண்ட் அவர்களுக்கு ஒரு கடமை; பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் உட்கார வேண்டும். அதே சமயம், எத்தனை பேர் வாங்க வராமலே போவார்கள் என்றும் மதிப்புப் போட்டுக்கொள்ளலாம். அதாவது, நீங்களும் நானும் மறந்துவிடுவோம் என்பதற்கே முன்கூட்டி ஒரு தொகை எழுதியாகிவிட்டது. ஊரில் கைமாற்று வாங்கியவர் இப்படிக் கணக்கு எழுதினால் வீட்டு வாசலில் நின்று கத்துவோம்.

யார் காசில் இந்த இலவசம் என்பதும் முக்கியம். 2017 நவம்பரில் ஜொமாட்டோ 'கோல்டு' ஆரம்பித்தது. சந்தா கட்டியவருக்கு ஒரு டிஷ் வாங்கினால் ஒன்று இலவசம். சந்தா ஜொமாட்டோவுக்கு, இலவச டிஷ் ஓட்டல்காரர் தலையில். 2019 ஆகஸ்டில் ஓட்டல்காரர்கள் சங்கம் 'லாக் அவுட்' என்று கொடி பிடிக்க, நூற்றுக்கணக்கான ஓட்டல்கள் அதிலிருந்து வெளியேறின. பிறகு விதி மாறியது, 2020-ல் பெயரும் 'ப்ரோ' என்று மாறியது. 2023-ல் பழைய பெயரிலேயே மறுபடி வந்தது. ஊரார் வீட்டு நெய்யில் பந்தி போட்டால், நெய் கொடுத்தவர் ஒரு நாள் எழுந்துதான் போவார்.

மெஸ் டோக்கன் மட்டும் என்ன ஒழுங்கா என்று கேட்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். 30 டோக்கன் 2,400 ரூபாய். தனித்தனியாகச் சாப்பிட்டால் 2,700. மிச்சம் 300. ஆனால் 27 டோக்கனாவது தின்றால்தான் லாபம். ஞாயிற்றுக்கிழமை நாலு, சித்தப்பா பெண் கல்யாணம், அமாவாசை விரதம் என்று கழித்தால் மாசத்தில் 22 தேறினால் அதிகம். பார்த்தால் நஷ்டக் கேஸ்தான். ஆனால் மெஸ் அக்கா டோக்கனில் தேதி போடுவதில்லை. போன தீபாவளி டோக்கனைப் பொங்கலுக்கு நீட்டினாலும் இலை விழும். அந்த ஒரு விஷயத்தில் 300 ரூபாயும் முழுசாக நம் பைக்கு வந்துவிடுகிறது.

ஆக, யாராவது கார்டை நீட்டினால் மூன்று கேள்வி போதும். கார்டு இல்லாவிட்டாலும் வருவேனா? என் வழக்கமான வேகத்திலேயே தேதிக்குள் முடியுமா? இதற்காக ஒரு ரூபாயாவது கூடச் செலவாகிறதா? முதல் இரண்டுக்கு 'ஆமாம்', மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால் வாங்கி பர்ஸில் வையுங்கள். ஒன்று இடித்தாலும் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தம்பி இப்போது மெஸ்ஸுக்கு வந்துவிட்டான். ஒன்பது சீலுக்குக் கொடுத்த 1,417 ரூபாய் 50 காசில் மாசக் கடைசி இடித்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் நாற்பது பக்க நோட்டில் அவன் பெயரை எழுதி, சோற்றைப் போட்டார். சம்பளம் வந்ததும் கொடுத்தான். அம்மாவுக்கு மாத்திரையும் போய்ச் சேர்ந்தது.

ஆர்வக் கோளாறில் நான் அக்காவிடம் கேட்டேன்: "நீங்களும் ஒரு கார்டு போடலாமேக்கா? பத்து நாள் சாப்பிட்டா ஒரு நாள் சும்மான்னு?"

அக்கா ரசக் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "போ சார்! உங்க ஆபீஸ் ஆளுங்க இப்பவே பத்து நாள் சாப்ட்டு ஒரு நாளைக்குத்தான் காசு குடுக்குறாங்க!"