தீவகப் பயணத்தில் ஒரு பாற்போத்தல்

தீவகம் காணச் செல்வோர் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்று மாணவர் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. குடை, குடிநீர், மாற்றுடை என்று சொல்லி முடித்துவிடுவோம். எம் தங்கையின் குழந்தைக்கு நயினை நாகபூஷணி அம்மன் சந்நிதியில் முதற்சோறு தீத்தப் புறப்பட்டபோதுதான் அந்தப் பட்டியல் எத்துணைக் குறையுடையது என்பதை உணர்ந்தோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாற்போத்தல் அன்று எமக்குப் பெரும்பாடமாயிற்று.

தாய்ப்பாலுக்கு நிகரான உணவு குழந்தைக்கு இல்லை. ஆறு மாதம் நிறையும் வரை அதுவே போதும் என்பது மருத்துவர் யாவரும் கூறுவது. ஆயினும் பிள்ளைப்பேற்றின் பின் எம் தங்கை நோயுற்றமையால், மருத்துவர் சொற்படி குழந்தை பால்மாவிலேயே வளர நேர்ந்தது. அத்தகைய தாய்மார் நம் ஊர்களில் பலர். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

யாழ் நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்ததும் இருமருங்கும் ஆழமில்லாக் கடல் விரிகின்றது. வேலணைத் தீவின் வடமேற்கு மூலையில், கடற்கோட்டையை எதிர்நோக்கி நிற்கும் ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வழியை விட்டு விலகி, இன்னுமொரு தாம்போதியால் புங்குடுதீவை அடைந்தோம். பனைகளையும் பாழ்வீடுகளையும் கடந்தால் தரைவழி முடிந்துவிடும். அவ்விடமே குறிகட்டுவான் துறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுவது இங்கேதான்.

படகுக்குக் காத்திருந்தபோது குழந்தை வீறிட்டு அழுதது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கரைத்து, சூடு ஆறாதபடி துவாயிற் சுற்றிவைத்திருந்த பாற்போத்தலைத் தங்கை எடுத்தாள். “இளஞ்சூடு இன்னும் இருக்குது, அண்ணா. சுடுதண்ணிக்குள்ளை கொஞ்ச நேரம் வைச்சாற் போதும்” என்று சொல்லித் துறையடித் தேநீர்க்கடையை நோக்கி நடந்தாள். அப்போது மணி ஒன்பதே கால்.

கடை வாங்கிலில் ஒரு குடும்பநல மாது அமர்ந்திருந்தார். தீவிற் கடமைக்குத் திரும்புகின்றவர். போத்தலைக் கண்டதும், “எப்ப கரைச்சது, பிள்ளை?” என்று கேட்டார்.

“விடிய அஞ்சு மணிக்கு, மிஸி.”

“அப்ப இதை ஊத்திவிடுங்கோ.”

தங்கையின் முகம் வாடியது. எமக்கும் மனம் ஒப்பவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு பொதி பால்மாவுக்காக வரிசையில் நின்ற நாட்களை மறந்தவர் யார்? அவர் எமது தயக்கத்தைக் கண்டுகொண்டார். “எனக்கும் மனம் கேளாதுதான். ஆனால் திரும்பச் சூடாக்கினால் பழைய பால் புதுப்பாலாகிவிடாது” என்றார்.

பின்னர் அவர் கேட்ட ஒரு கேள்வி எம் உள்ளத்திற் பதிந்துவிட்டது. “தயிருக்குப் பாலை எப்படி உறைய வைப்பீங்கள்?” காய்ச்சிய பாலை இளஞ்சூடாக ஆற்றி, உறைமோர் விட்டு, சூடு போகாமல் மூடிவைப்பது எம் தாய்மார் அனைவரும் அறிந்ததே. அந்த இளஞ்சூட்டிலேதான் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தயிருக்கு அது நன்மை. குழந்தையின் போத்தலிலோ வேண்டாத கிருமிகளும் அவ்வாறே பெருகும். துவாயிற் சுற்றிப் பாலைக் காத்ததாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் கிருமிகளை வளர்த்துக்கொண்டிருந்தோம்!

அவர் கடைக்காரரைப் பார்த்து, “கேத்தலுக்குள்ளை என்ன தண்ணி, அண்ணை?” என்று கேட்டார். “பவுசரிலை வந்த நல்ல தண்ணி” என்று விடை வந்தது. தண்ணீர் தளதளவெனக் கொதித்தது. தங்கை சவர்க்காரமிட்டுக் கைகழுவினாள். வீட்டில் அவித்து மூடிக் கொண்டுவந்த மற்றைய போத்தலில் முதலில் சுடுநீரை அளந்து விட்டு, பின்னர் பேணியிற் குறித்தவாறு கரண்டியை மட்டமாக வழித்து மாவையிட்டுக் கரைத்தாள். உடனே போத்தலை மூடி, குளிர்ந்த நீர் நிறைந்த சட்டியில், மூடிக்கு நீர் எட்டாதபடி நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்க, சுடவுமில்லை, குளிரவுமில்லை. குழந்தை குடித்து அடங்கியது.

வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னவை யாவும் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டலோடு ஒத்திருக்கக் கண்டோம். பால்மா கிருமியற்ற பொருளன்று. குரோனோபக்டர், சல்மொனெல்லா என்னும் கிருமிகள் அரிதாக அதில் இருக்கக்கூடும். முன்னது இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் மூளைக்காய்ச்சலை விளைவிக்கவல்லது. 2022இல் அமெரிக்காவில் ஒரு பெரும் பால்மா ஆலை மூடப்பட்டு, நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதும் இக்கிருமி பற்றிய அச்சத்தினாலேயே. எனவே கரைக்கும் நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும். கொதித்து அரைமணிக்கு மேற்படாத நீர் என்று நினைவிற் கொள்ளலாம். கரைத்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது. குளிர்ப்பெட்டியில் 5 பாகைக்கு மேற்படாத குளிரில் உடனே வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். குடித்து மீந்ததைப் பின்னர் கொடுத்தல் கூடவே கூடாது.

நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பர் ஒருசாரார். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலைக்குக் கிடைத்தது மணிபல்லவத்திலே அன்றோ? அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்பதே பெயர். பசிப்பிணி போக்கும் பெயர் விளங்கும் அம்மண்ணில் குழந்தைக்கு ஒரு பருக்கை சோறு தீத்தினோம். அது முகஞ்சுளித்து, பின் சிரித்தது.

அன்று மாலை உறவினர் இல்லத்தில், குளிர்ப்பெட்டியிலிருந்த பாலை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாமே என்றார் ஒருவர். அது தவறு. அவ்வடுப்பு பாலை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. போத்தல் தொட்டாற் குளிர்ந்திருக்க, நடுப்பால் நாவைச் சுட்டுவிடும். சுடுநீர்க் கிண்ணத்தில் போத்தலை நிறுத்தி, இடையிடையே சுழற்றி, 15 நிமிடத்துக்குள் எடுப்பதே முறை. உண்மையில் குடிக்கும் வேளையில் சூடு கட்டாயமுமன்று; குழந்தை விரும்பினால் அறைச் சூட்டிலேயே கொடுக்கலாம். கரைக்கும்போது வேண்டிய சூடு காவலுக்கு. குடிக்கும்போதுள்ள சூடு இதத்துக்கு. இரண்டையும் நாம் மாற்றி விளங்கியிருந்தோம்.

மறுநாள் நெடுந்தீவு சென்றோம். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். ஆடும் படகிற் சுடுநீரைக் கையாள்வது ஆபத்து; ஆகவே துறையிலேயே குழந்தையின் பசியாற்றி, அளந்த மாவை உலர்ந்த சிமிழிலும், கொதிநீரைப் பிளாஸ்கிலும் தனித்தனியே எடுத்துச் சென்றோம். பவளக்கல் வேலிகளையும், கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளையும் கண்டு மகிழ்ந்தோம். எனினும் எம் கண்ணைக் கவர்ந்தவை சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளே. உவர்நீரே மிகுந்த தீவகத்தில் நன்னீரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே தாய்மார் கருத வேண்டியது ஒன்றுண்டு. கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், உப்புச் சாகாது. நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு ஏறவே செய்யும். சிசுவின் சிறுநீரகம் அதனைத் தாங்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்ட நிலக் கிணறுகளில் உரத்தினால் மிகும் நைத்திரேற்றும் அத்தகையதே. நீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். ஆகவே நீரைச் சூடாக்குமுன் அது எந்த நீர் என்று கேட்டறிக. தேநீர்க்கடையில் அந்த மிஸி முதலிற் கேட்ட கேள்வி அதுதானே!

திரும்பும் வழியில் மீண்டும் குறிகட்டுவானில் இறங்கினோம். குழந்தை பாதி குடித்து உறங்கிவிட்டது. தங்கை எஞ்சிய பாலை ஒருகணம் பார்த்தாள்; பின் ஒரு சொல்லும் சொல்லாமல் துறையோரத்து மணலில் ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவப் புறப்பட்டாள்.