காதில் இரண்டு பரோட்டா!

கம்பம் பள்ளத்தாக்கில் பாட்டு என்பது ரொம்பக் காலமாக மேலேயிருந்து வருகிற சமாச்சாரம். வேப்பமரத்து உச்சியிலோ, கோயில் வாசல் கம்பத்திலோ கட்டிய குழாய் ரேடியோவிலிருந்து வரும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், மாரியம்மன் பொங்கல் என்று ஒரு வீட்டில் விசேஷம் வந்தால் நாலு ஊருக்கு ஓசியில் பாட்டு! இரண்டு பக்கமும் மலை நிற்பதால் பாட்டு தப்பித்து ஓடவும் வழியில்லை.

அப்படி ஊரே சேர்ந்து கேட்டுப் பழகிய இடத்துக்கு, ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்கிற கருவியோடு போனால் என்ன ஆகும்? போன ஆடி மாசம் போய்ப் பார்த்தேன்.

கருவி, கோயமுத்தூர் நண்பர் ஒருவரிடம் வாங்கிய இரவல். ‘ப்ளேனார் மாக்னடிக்’ ஹெட்ஃபோன். சாதாரண ஹெட்ஃபோனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர்தான். கூம்பு மாதிரி ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள். சுருள் தள்ள, சவ்வு அசையும். ப்ளேனாரில் சுருளே கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு தாள். அதன் மேலேயே கோடு கோடாக மின்சாரம் ஓடும் பாதை. பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள். தாள் முழுசும் ஒன்றாக அசைகிறது. 1976-லேயே யமஹா கம்பெனி இந்த ரகத்தில் ஒன்று போட்டது. அப்புறம் கொஞ்ச காலம் ஆறிக் கிடந்த விஷயத்தை இந்த நூற்றாண்டில் ஆடிஸி, ஹைஃபைமேன் போன்ற கம்பெனிகள் மறுபடி சூடு பண்ணின. 2017-ல் ஹைஃபைமேன் கொண்டுவந்த ஒரு மாடலின் பெயர் ‘சுஸ்வரா’. பெயர் நம்ம ஊர்ப் பெயர். விலை மட்டும் 6,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் நாலு லட்சம்! என் கையில் இருந்தது அவ்வளவு பெரிய இடத்துச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் பர்ஸைவிட பத்திரமாக மடியில் வைத்திருந்தேன்.

இந்த ஹெட்ஃபோன் பிரியர்கள் ஒரு விசித்திர ஜாதி. இதற்கு ஜோடியாக எந்த ஆம்ப்ளிஃபயர் போடுவது என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ‘தேன் மாதிரி இருக்கு’ என்பார் ஒருத்தர். அதே ஹெட்ஃபோன், அதே ஆம்ப். ‘மணலை மெல்லுற மாதிரி இருக்கு’ என்பார் அடுத்தவர். ஒரே பந்தியில் ஒரு இலை ரசம் பிரமாதம் என்கும், பக்கத்து இலை உப்பில்லை என்குமே, அதேதான். இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. பின்னே எங்கே இருக்கிறது வித்தியாசம்? கருவியிலா, காதிலா? காசு கொடுத்து வாங்கியவர்களைக் கேட்டால் காசுதான் பதில் சொல்லும். காசு போடாதவர்களைக் கேட்கலாமே என்றுதான் தேனிக்கு பஸ் ஏறினேன்.

கையில் இரண்டு பாட்டு. ஒன்று, இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ ஆல்பத்திலிருந்து. 1986-ல் வந்தது, வி.எஸ். நரசிம்மன் வயலின். இன்னொன்று எண்பதுகளில் வந்த ராஜா சினிமாப் பாட்டு. எதுவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் அது உங்கள் மனசில் ஓட ஆரம்பித்து, கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

தேனி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு செல்போன் கடை. கல்லாவில் இருந்த தம்பிக்கு இருபது வயசு இருக்கும். முதலில் செல்போனிலேயே குட்டி அடாப்டர் வைத்து நேராகச் செருகிக் கொடுத்தேன். உதட்டைப் பிதுக்கினான்.

“என்னாண்ணே, பாஸே இல்ல? நம்ம எண்ணூறு ரூவா புளூடூத்துல நெஞ்சே அதிரும்ணே.”

நடுவில் கையடக்க ஆம்ப் ஒன்றைச் சேர்த்தேன். சட்டென்று நிமிர்ந்தான். “ஆங்... இப்ப எந்திரிச்சு நிக்குது!” ஆனாலும் புளூடூத்துக்குத்தான் அவன் ஓட்டு. அவன் காதுக்குப் பழகின ருசி அது. நிறைய புளூடூத் சாதனங்களில் அடி ஸ்வரத்தைக் கம்பெனியே தூக்கிவைத்து அனுப்புகிறது. ஹோட்டல் குருமா மாதிரி. அது பழகிவிட்டால் வீட்டுக் குழம்பு சப்பென்றுதான் இருக்கும்.

சின்னமனூர் வழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே மாட்டிப் பார்த்தேன். ஆடிக் காற்று, டீசல் இன்ஜின், பின்சீட்டில் வாழைத்தார் வியாபாரம் எல்லாம் வயலினோடு சேர்ந்து வாசித்தன. ப்ளேனார் ஹெட்ஃபோன்களில் முக்கால்வாசி பின்பக்கம் திறந்தவை. உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். கண்டக்டர் என்னையே பார்த்தார்.

“ஸார், காதுல ரெண்டு பரோட்டாவ மாட்டிக்கிட்டா டிக்கெட் கேக்குறது எப்படிக் கேக்கும்?”

“நல்லாவே கேக்குதுங்க” என்று சில்லறையை நீட்டினேன். இந்தக் கருவியைப் பற்றி நான் அன்று கேட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் அதுதான்.

உத்தமபாளையத்தில் இறங்கி, கோம்பை தாண்டி பண்ணைப்புரம் போனேன். ராஜா 1943-ல் பிறந்த ஊர். 1976-ல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கும் போய்ப் பாடியிருக்கிறார். ஆக, இந்த ஊர்ப் பாட்டு கூட்டத்துக்கு நடுவே வளர்ந்த பாட்டு.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் வயலின் துண்டைக் கண்ணை மூடிக் கேட்டார். “சுத்தமா இருக்கு தம்பி. ஆனா ராசா இங்கன உள்ள உக்காந்துருக்காப்ல” என்று நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். “நமக்கு பாட்டு வெளியில இருக்கணும்.” ஹெட்ஃபோனில் கேட்டால் இசை மண்டைக்குள்ளேயே நிற்கிறது என்பது பழைய புகார்தான். ஸ்பீக்கரின் ஓசை இரண்டு காதுக்கும் கலந்து போகும். ஹெட்ஃபோனில் இடது இடதோடு, வலது வலதோடு. எஞ்சினீயர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைப் பெரியவர் விரலாலேயே சொல்லிவிட்டார்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பந்தலுக்குக் கீழே குலை அறுத்துக் கொண்டிருந்த ஒரு அக்கா, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாட்டினார். சினிமாப் பாட்டு. அரை நிமிஷம் சிரித்த முகமாகக் கேட்டவர், திடீரென்று கழற்றிப் பக்கத்துப் பெண் காதில் வைத்தார். “இந்த எடத்தக் கேளுடி!” அப்புறம் அது பந்தல் முழுக்கச் சுற்றி வந்தது. கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: “நல்லாத்தேன் இருக்கு. ஆனா எல்லாரும் ஒண்ணாக் கேட்டாத்தான ‘அடியே இந்த எடம்’னு சொல்ல முடியும்? ஒருத்தியாக் கேட்டா யாருகிட்டச் சொல்ல?”

கோயமுத்தூர் நண்பர் காட்டிய எந்த விமர்சனத்திலும் இந்தக் குறையை நான் படிக்கவில்லை.

கம்பம் டவுனுக்குத் திரும்பி ஒரு மைக் செட் கடையைத் தேடிப் பிடித்தேன். உரிமையாளருக்கு அறுபத்துநாலு வயசு. நாற்பது வருஷமாக சவுண்ட் சர்வீஸ். சுவரோரம் பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர்கள், மூலையில் தூசி படிந்த குழாய்கள். “இப்ப எல்லாம் டி.ஜே. பாக்ஸ் கேக்குறாங்க. கொழாய்க்குப் போலீஸ் பெர்மிஷனே பெரும்பாடு” என்றார். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. அவருடைய தொழிலில் முக்கால்வாசி நடந்ததே அந்த நேரத்தில்தானாம்.

ஆம்ப் பொருத்தம் பற்றிக் கேட்டதும் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். “இதுல என்ன ஸார் ரகசியம்? கொழாய் யூனிட்டு 16 ஓம். ஆம்ப்புல நூறு வோல்ட் லைன். நடுவுல டிரான்ஸ்பார்மர் போடாம நேராக் குடுத்தா யூனிட்டு புகைஞ்சிரும். மேட்சிங் முக்கியம். இன்னொண்ணு, வாய்க்கா மட்டும் பெருசா இருந்தா ஆச்சா, மடையில தண்ணி வேணும்ல?”

அவ்வளவுதான் விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபல் கத்தும். அந்த சுஸ்வரா, காதிலேயே ஒட்டி இருந்தும், ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தருகிறது. செல்போன் அடாப்டர் ஒரு வோல்ட் தந்தால் அதன் 60 ஓமில் 16 மில்லிவாட் சொச்சம்; 95 டெசிபல். சாதாரணமாகக் கேட்க அது போதும். ஆனால் டிரம்ஸ் அடி விழுகிற அந்தக் கணத்தில் 110 வேண்டுமென்றால் அரை வாட் வேண்டும். கிட்டத்தட்ட முப்பது மடங்கு! மடை வற்றும் இடம் அதுதான். மற்றபடி ப்ளேனாரில் ஓம் கணக்கு அடி ஸ்வரத்திலிருந்து உச்சி ஸ்வரம் வரை ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளுக்கு நடுவே பாட்டின் நிறம் மாறப் பெரிய காரணம் இல்லை.

“அப்ப அந்தத் தேனிப் பையன் எந்திரிச்சு நிக்குதுன்னானே?”

“சத்தம் கூட இருந்துருக்கும் ஸார்” என்றபடி டிராயரிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். ஒரே சுருதியில் ஊதும் ஓசை ஒன்றை ஓடவிட்டு, செல்போனிலும் ஆம்ப்பிலும் வோல்ட்டை அளந்து, இரண்டையும் சமமாக வைத்தார். பிறகு அவர், பத்தாவது படிக்கும் அவருடைய பேத்தி, நான் என்று மாற்றி மாற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டோம். மிதமான சத்தத்தில் எது போன், எது ஆம்ப் என்று மூன்று பேராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பூவா தலையா போட்ட மாதிரிதான். இரண்டிலும் சத்தத்தை நன்றாக ஏற்றியபோது மட்டும் போனில் டிரம்ஸ் அமுங்கியது. அதை மூன்று பேருமே பிடித்துவிட்டோம். கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதை ‘சத்தம்’ என்று சொல்லாது. ‘தெளிவு’ என்று சொல்லும், ‘உயிர்’ என்று சொல்லும். லட்ச ரூபாய் விவகாரங்களில் பாதி இந்த ஒரு மீட்டரில் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி தீராது. அதையும் அங்கேயே பார்த்தேன்.

சினிமாப் பாட்டை அண்ணன் நிதானமாகக் கேட்டார். பல்லவி முடிவதற்குள் கழற்றிவிட்டார். “ஸார், அடியில ஒரு கிடார் நடந்துக்கிட்டே இருக்கே... இது இந்தப் பாட்டுல இருக்கா?”

இருக்கிறது. ராஜா பாட்டில் பாதி கதையை பாஸ் கிடார்தான் சொல்லும். அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கரோ சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. அந்தப் பாட்டை ஆயிரம் தடவையாவது போட்டிருப்பேன் என்றார். கல்யாணம் கல்யாணமாக, பள்ளத்தாக்குக்கே அதைக் கேட்க வைத்தவர், அந்த கிடாரை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார்.

பேத்தி வாங்கி மாட்டினாள். “தாத்தா, சரணத்துக்கு முன்னாடி கிணிங் கிணிங்னு ஒரு மணி வருது, கேட்டியா?”

“மணியா? இல்லையே.”

மறுபடி போட்டோம். அவள் விரலைத் தூக்கிக் காட்டிய ஒவ்வொரு இடத்திலும் அவர் முகத்தில் ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் குழாய்க்கடியில் நின்ற காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் தாங்கலாம் என்கிறார்கள்; 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். காதில் முதலில் போவது உச்சி ஸ்வரங்கள்தான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேத்தியிடம் கேட்டார்: “அந்த மணி நல்லாருக்கா?”

“சூப்பரா இருக்கு தாத்தா.”

“அப்ப சரி” என்றார். ஹெட்ஃபோனை வாங்கி வால்யூம் திருகைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, இரண்டு கோடு குறைத்து, பேத்தி தலையிலேயே திருப்பி மாட்டிவிட்டார். “இதுக்கு மேல வைக்காத.”

சாயங்காலம் லோயர் கேம்ப் போனேன். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இங்கேதான் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூரில் அது நெல்லாகிறது, சுருளிப்பட்டியில் திராட்சையாகிறது, சின்னமனூரில் வாழையாகிறது. தண்ணீர் போதவில்லை என்றால் எதுவும் விளையாது. போதுமான பிறகு, விளைவதைத் தீர்மானிப்பது நிலம்தான்.

ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணன் சார்பில் மூன்றே வார்த்தை: ஆம்ப்பில் பலம் போதுமா என்று பாருங்கள்; சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்; இருக்கிற காதைக் காப்பாற்றுங்கள். கடையில் இவை மூன்றையும் கேட்டால் சேல்ஸ்மேன் கொஞ்சம் முறைப்பார். முறைக்கட்டும்!