வாவிக்கரையில் மற்றொரு பஞ்சாங்கம்

நாளும் கோளும் பார்த்தே கருமம் தொடங்கும் சைவக் குடும்பத்திற் பிறந்த எமக்கு, எமது தெருவிலேயே மற்றொரு பஞ்சாங்கமும் நடைபெற்று வருகின்றதென்பது வளர்ந்த பின்னரே விளங்கிற்று. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், எமது வளவுக்கு அணித்தாகச் சிறியதொரு மெதடிஸ்த தேவாலயம் உண்டு. சபையில் முப்பது குடும்பங்கள் தேறா. குருவானவர் ஒருவரே சேகரத்தின் பல ஆலயங்களையும் கவனிக்க வேண்டியிருத்தலால், அவர் வராத ஞாயிறுகளில் சபையாரில் ஒருவரே பிரசங்கம் செய்வார். ஓய்வுபெற்ற தபாற்காரர் பிரசங்கிக்க, மீன் வியாபாரி வேதம் வாசிக்க, மதிலுக்கு இப்பால் நின்று கேட்டிருக்கிறோம்.

தமிழகத்தில் லூத்தரன் சபை 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயரின் வருகையோடு தரங்கம்பாடியில் வேரூன்றியது. மட்டக்களப்புக்கு வந்ததோ வெஸ்லியன் மிஷன். 1814இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார், ஓராண்டு நிறையுமுன்னரே இவ்வூரில் மாண்டார். அவர் தொடக்கிய கல்விப்பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைத்தது. இரு சபைகளும் வெவ்வேறெனினும் பாட்டு அவற்றை இணைக்கின்றது. லூத்தரன் சபையில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை எமது அயலாரும் பாடுகின்றனர். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்திருக்கும். குறித்த இராகத்திலேயே பாடப்படுகிறதா என்று கேட்டால், அயலவர் என்ற முறையில் நாம் மௌனம் சாதிப்போம்.

முன்னாளில் தேவாலயமும் பாடசாலையும் ஒரே வளவில் இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பாடசாலை அனுமதிக்காகவும் ஆசிரியர் பதவிக்காகவும் சபையை நாடியவர்கள் பின்னர் மெல்ல விலகினர் என்று முதியோர் சொல்வர். எஞ்சியவர்கள் வேறு பயன் கருதாது வருபவர்கள். சபை சிறுத்தது உண்மையே. ஆயினும் அதன் உறுதி அவ்வாறு சிறுத்ததில்தான் உண்டாயிற்று என்பது எமது துணிபு.

அவர்களது ஆண்டு மார்கழி 31ஆந் தேதி நள்ளிரவு ஆராதனையோடு திரும்புகிறது. தை முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. மாரி வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் வருவது அறுப்பின் பண்டிகை; எமக்கு மிகவும் உவப்பானது இதுவே. புதுநெல்லும் பூசணியும் வாழைக்குலையும் எருமைத் தயிர்ச் சட்டிகளும் படுவான்கரை உறவினர் கொடுத்தனுப்பிய தேனும் பீடத்தின் முன் நிரம்பிவிடும். ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் ஏலம். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்தவரே அதனைச் சபைக்குத் திருப்பிக் கொடுப்பார். மீண்டும் ஏலம் நடக்கும். இப்படி நான்கு முறை விலைபோன பூசணியைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சந்தை விலையின் இருமடங்குக்கு வாழைக்குலை வாங்கிவந்த நாளில் எமது இல்லாள் சொன்னவற்றை இங்கு எழுதுதல் தகாது.

உயிர்த்த ஞாயிறு நாட்காட்டியில் நிலைத்த தேதியன்று. மார்ச் 21ஆந் தேதியை ஒட்டியோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிறே அது. கண்ணகி அம்மன் சடங்குக்கு வைகாசிப் பூரணையை எண்ணியிருக்கும் எம்மவர்க்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றாது. அன்று கிழக்கு வெளுக்குமுன் சபையார் வாவிக்கரையிற் கூடிப் பாடுவர். விடியலில் வலை இழுத்துத் திரும்பும் தோணிக்காரர் கரையருகே சற்றுத் தாமதித்துச் செல்வதுண்டு.

இப்பஞ்சாங்கத்தில் இரண்டு நாட்களை அவர்கள் விரும்பிக் குறித்துக்கொண்டாரல்லர். 2004இல் நத்தார் ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, பூரணையும் கூட. காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனை வீடுகள் போயின என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இச்சபையாரும் உறவினரை இழந்தனர். இன்றும் நத்தார் இரவில் கீதம் பாட எமது வீட்டுக்கு வருவோர், தேநீர் அருந்தியபின் விரைவிலேயே எழுந்துவிடுவர். மறுநாட் காலை மெழுகுதிரி ஏற்றக் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கும்.

சுனாமிக்குப் பின்னர் நிவாரணப் பொதியோடு வேதப் புத்தகத்தையும் நீட்டிய சிலர் எமது பகுதிக்கு வந்தார்கள். அது குறித்து எம்மவருக்கு எழுந்த மனக்கசப்பு நியாயமானதென்றே கருதுகிறோம். ஆனால், தலைமுறைகளாக எம்மோடு நன்மை தீமைகளிற் கலந்து வாழும் இச்சிறு சபையாரையும் அக்கணக்கிற் சேர்த்து ஏசியது அநீதி. எமது மாமன்மார் மச்சான்மார் இரண்டு வழிபாட்டிலும் இருக்கின்றனர். அவர்கள் வீட்டு மரணத்துக்கு முதலிற் பந்தல் போட வருவோர் சைவர்களே.

இரண்டாவது நாள் 2019 ஏப்ரல் 21. அன்றைய உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு நகரிலுள்ள சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களுட் பலர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். அச்சபை வேறு, எமது அயற்சபை வேறு. எனினும் அதன் பின்னர் இங்கும் ஞாயிறு பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொரோனா ஊரடங்கு, ஆலயம் திறக்கவேயில்லை. இரண்டு ஆண்டுகள் வாவிக்கரையிற் பாட்டு எழாதிருந்தது.

ஞாயிறு பாடசாலையை நடத்துபவர் எம்மோடு முன்னர் ஆசிரியப் பணியிலிருந்த முதிய அம்மையார். மீண்டும் தொடங்கிய நாளில் மூன்று பிள்ளைகளே வந்தனர். அவர்களில் இருவர் அவருடைய பேரப்பிள்ளைகள். அவர் மூவருக்கும் வருகைப் பதிவு எடுத்துப் பாடம் நடத்தினார். வாயிற் படலையைப் பூட்டி, இடைவேளையிலும் பிள்ளைகளை உள்ளேயே இருத்தி வைத்தார். வெளியே விளையாட விடலாமே என்று நாம் ஒருமுறை கேட்டபோது, தாய்மாருக்குத் தாம் வாக்குக் கொடுத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

இப்பொழுது பதினான்கு பிள்ளைகள் வருகின்றனர். சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக்குப் பின்னர் தாய்மார் கூடிப் பேசியிருக்கின்றனர். படலை இன்னும் பூட்டியே இருக்கின்றது. ஆயினும் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் முற்றத்து வேப்பமரத்தடிக்கு ஓடிவருகின்றனர். ஞாயிறு காலையில் விடைத்தாள் திருத்த அமரும் எமக்கு, அந்தப் பத்து நிமிடமும் வேலை ஓடுவதில்லை.