மண்மூடிய லயங்கள்

வகுப்பிலே பொம்பேயி நகரின் அழிவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலும் கல்லும் அந்த ரோமானிய நகரை மூடியதையும், 1748ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை அதை அகழ்ந்துவருவதையும் விளக்கி முடித்தபோது, கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்ப மீரியபெத்தைய எப்ப சேர் தோண்டுவாங்க?"

மணி அடித்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையிலிருந்து பண்டாரவளைக்கும், அங்கிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைப் பக்கமும் பஸ் ஏறிச் சென்றேன். தியலும நீர்வீழ்ச்சியைக் காணக் கொஸ்லந்தைக்கு நாள்தோறும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். மீரியபெத்தைக்கு வருவாரில்லை. வந்தாலும் பார்க்க என்ன இருக்கிறது? மானாப்புல்லும் புதரும் மூடிய ஒரு சரிவு. இடையிடையே பெரும் பாறைகள். அவ்வளவுதான்.

வழியில் சந்தித்த ஒரு முதியவர் கூட வந்தார். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. சரிவின் விளிம்பில் நின்று கையை நீட்டினார். "அந்தக் கல்லுக்கு மேல கோயில் இருந்துச்சுங்க சேர். அதுக்குக் கீழதான் எங்க லயம்."

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை இறங்கி வந்தது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. மாண்டோர் தொகை முதல் நாட்களில் நாளுக்கு ஒன்றாகச் சொல்லப்பட்டது. நூறு என்றார்கள், அதற்கு மேலும் என்றார்கள், பிறகு வெகுவாகக் குறைத்தார்கள். தேடும் பணி நின்றபோது பலர் மண்ணுக்குள்ளேயே இருந்தார்கள்.

இலங்கையில் எரிமலை கிடையாது. இங்கே மலையை நகர்த்துவது நெருப்பன்று, நீர். செங்குத்தான சரிவில் பாறைமேல் தளர்ந்து கிடக்கும் மண், மழைநீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, ஒருநாள் பிடி விட்டுவிடுகிறது. அந்த மண்ணை வேரால் கட்டிப் பிடித்திருந்த காட்டைக் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டிச் சாய்த்தது ஆங்கிலேயரின் மூலதனம். வெட்டிய கைகள் நம் பாட்டன்மாருடையவை. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

பொம்பேயி மக்கள் தங்கள் தலைக்கு மேலிருந்தது எரிமலை என்றே அறியாதவர்கள். மீரியபெத்தைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. இவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "ஏன் ஐயா போகவில்லை?" என்று கேட்டேன். கேட்ட மறுகணமே வெட்கினேன்.

"எங்க போறதுங்க? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். போன்னு சொன்னாங்க. இந்தா இங்க போன்னு யாரும் சொல்லலீங்களே."

போவதற்கு ஓரிடம் மாகல்தெனியவில் கிடைத்தது. 75 வீடுகள் 2016ஆம் ஆண்டிலே கையளிக்கப்பட்டன. மண் விழுந்த பிறகு!

2021ஆம் ஆண்டில் பொம்பேயி மதிலுக்கு வெளியே, சிவிட்டா ஜூலியானா என்னுமிடத்து மாளிகையொன்றில் அடிமைகள் வாழ்ந்த ஓர் அறையைக் கண்டுபிடித்தார்கள். பரப்பு 16 சதுர மீற்றர். மூன்று கட்டில்கள், அவற்றுள் ஒன்று சிறியது, குழந்தைக்குரியதாக இருக்கலாம். மூலையில் சாடிகள். உலகப் பத்திரிகைகள் அந்தப் படத்தை வெளியிட்டபோது நானும் வியந்து பார்த்தவன்தான். இப்போது இந்தப் புல்லின்மேல் நின்றபோதுதான் உறைத்தது: நம் லயக் காம்பராக்களிலே அதைவிடச் சிறியவை எத்தனையோ உண்டு, அவற்றில் உறங்குபவரும் மூவர் மட்டுமல்லர்.

அங்கே சாம்பல் உடல்களைச் சுற்றி இறுகிற்று. உடல் அழிந்த வெற்றிடத்திலே 1863ஆம் ஆண்டில் பியோரெல்லி சாந்து வார்த்து, இறந்தவனின் இறுதி அசைவைக்கூட எடுத்துக் காட்டினார். நம் சேறு அப்படிக் கருணை காட்டாது. அது நசுக்கிவிடும். ஆகவே இங்கே தோண்டிக் காண்பதற்கு அதிகம் இராது. மாணவிக்கு இதைத்தான் சொல்ல வேண்டுமா என்று எண்ணியபோது, முதியவர் தானாகவே எண்ணத் தொடங்கினார்: முதல் காம்பராவில் யார், இரண்டாவதில் யார், எந்த வாசலில் கோழிக்கூடு, எந்தத் திண்ணையில் அம்மி. ஐந்தாவதில் தடுமாறினார். "மறந்து போச்சுங்களே" என்றவரின் குரல் கம்மியது.

2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டத்திலே மலைகள் மறுபடியும் சரிந்தன. மறுபடியும் தோட்டங்கள், மறுபடியும் அதே முகங்கள்.

திங்கட்கிழமை அந்த மாணவியிடம் ஒரு புதுக் கொப்பியைக் கொடுத்தேன். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, காம்பரா காம்பராவாக எழுதிவரச் சொன்னேன். நான்கு நாட்களில் வந்தாள். முதற் பக்கத்தில் ஒரு லயத்தைக் கோடுபோட்டு வரைந்திருந்தாள். மூன்று கட்டங்களிலே பெயர் இல்லை. பாட்டியிடம் மறுபடி கேட்டுவருவதாகச் சொல்லிக் கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.