பென் டிரைவும் அட்டையில போட்ட எண்ணும்

புது பென் டிரைவ் வாங்கினேன். அட்டையில கொட்டை எழுத்துல "யூஎஸ்பி 3.0, 100 எம்பி". ஆய்வுத் தரவு 12 ஜிபி, ரெண்டே நிமிஷம்னு கணக்குப் போட்டு, லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கக் கிளம்புற நேரத்துல உட்கார்ந்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

அந்த 100 படிக்கிற வேகமாம். எழுதுற வேகம் பத்தைத் தாண்டலை. அப்படின்னா 20 நிமிஷம்! ஃபிளாஷ்ல படிக்கிறது சுலபம், எழுதுறது மெதுவு. பழசு இருந்தா பிளாக்கையே அழிச்சிட்டு எழுதணும். என்னுது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் வேற. சுத்தமா ஆமை வேகம்.

3.0ங்கிறது வெறும் ரோடுதாங்க. 2000-ல வந்த 2.0-க்கு நொடிக்கு 480 மெகாபிட், 2008-ல வந்த 3.0-க்கு 5 கிகாபிட். ரோடு அகலமானா மாட்டு வண்டி பறக்குமா?

ஒருவழியா 'முடிஞ்சது'ன்னு காட்டினதும் பிடுங்கிட்டு ஓடினேன். லினக்ஸ் மெமரியில வச்சிருந்ததை இன்னும் எழுதியே முடிக்கலை. லேப்டாப் திரும்பி வந்தப்ப ஹார்ட் டிஸ்க் காலி. பென் டிரைவ்ல கடைசி வாரத்து அளவீடுகள் இல்லை. அந்தச் சோதனையைத் திரும்பச் செஞ்சேன்.

இப்பல்லாம் எல்லாத்தையும் ஒரே ஜிப் கோப்பாக்கி, முறையா 'எஜெக்ட்' பண்ணி, திரும்பச் சொருகித் திறந்து பார்த்துட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அவசரத்துக்கு அட்டையில எண் போடுறதில்லை :)