மாப்ள, நிழல் எந்தப் பக்கம்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். 'வண்டி எப்ப எடுப்பீங்க?', 'சில்லறை இருக்கா?', 'வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?' முதல் இரண்டுக்கும் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவார். மூன்றாவதற்கு மட்டும் உடனே விரல் நீளும். 'அப்படிக் குந்துங்க ஸார்!'

அந்த விரலுக்குப் பின்னால் பெரிய பூகோளமே இருக்கிறது. சேலம் வண்டி ஏறக்குறைய நேர் மேற்கே போகும். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், இடது பக்க ஜன்னல்காரருக்கு வெயில். 'அப்ப எப்பவும் வலது பக்கம்தான்' என்று மனப்பாடம் செய்தீர்களோ, தொலைந்தீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம்ம ஊருக்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டுவைத்த கம்புக்கு நடுப்பகலில் நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று அதற்குப் பெயர். அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே நின்றுதான் நம்மைப் பார்க்கும். ஆக அக்னி நட்சத்திரத்தில் வலது பக்கம்தான் வறுவல். வீட்டின் தெற்குச் சுவரோரம் நிழல் விழுவதை அப்போது பார்த்திருப்பீர்கள்.

சென்னை வண்டி இன்னும் சிக்கல். உளுந்தூர்பேட்டை வரை சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே போகும். பிறகு 200 கிலோமீட்டர் வடகிழக்காக ஏறும். காலை வண்டி என்றால் முதல் 40-க்கு இடது பக்கம் லேசாகச் சுடும். மீதி 200-க்கு வலது பக்கம் வறுக்கும். பி.காம். படித்ததற்கு இந்த லாப நஷ்டக் கணக்காவது போடவேண்டாமா? இடது பக்கம் உட்காருங்கள். நிகர லாபம் 160 கிலோமீட்டர் நிழல்.

2024 மே 12-ஆம் தேதி இந்தக் கணக்கோடுதான் நானும் என் தாய்மாமாவும் கிளம்பினோம். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ஐ.பி.எல். மேட்ச். ராத்திரி மேட்ச் என்றால் கவலையில்லை. இது பிற்பகல் மூன்றரை மணி!

மாமாவுக்கு வயது 64. ரைஸ் மில் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் தண்ணீரும் உப்பும் சீக்கிரம் குறையும், வெயில் தாங்காது. டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அத்தை அதை எனக்கு இன்னும் தெளிவாகச் சொன்னாள். 'உன்னை நம்பித்தான் அனுப்பறேன்' என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமே, எனக்கு அப்போதே வேர்த்துவிட்டது.

மாமா கேட்கிற ஆளா? 'மாப்ள, 86-ல டை ஆன டெஸ்ட் பாத்தவன்டா நான். எனக்கு வெயிலைச் சொல்றியா?' என்றார்.

அந்த மேட்சே வெயிலுக்குச் சாட்சிதான். 1986 செப்டம்பர், இதே சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். நடுவில் மைதான ஓரத்திலேயே வாந்தி. முடியவில்லை என்று சொல்ல, கேப்டன் ஆலன் பார்டர், 'அப்படியானால் ஒரு குவீன்ஸ்லாந்துக்காரனை இறக்கிக்கொள்கிறேன்' என்கிற பாணியில் ரோஷத்தைக் கிளப்பிவிட்டார். ஜோன்ஸ் நின்று ஆடினார். ஆடி முடித்ததும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவருக்கு அப்போது வயது 25. விளையாட்டு வீரர். அதே மேட்சில் கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து போட்டது வேறு கதை. ஊருக்கு ஒருத்தர் அப்படி இருப்பார்கள்.

மாமாவுக்கு அப்போது 26. அதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கமாட்டார்.

டிக்கெட் வாங்குமுன் நான் ஸ்டாண்டு பெயரைப் பார்க்கவில்லை. திசையைப் பார்த்தேன். கிரிக்கெட் பிட்ச்சைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள், சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்கக்கூடாது என்று. பேட்ஸ்மேனுக்குப் பார்த்த நியாயத்தை டிக்கெட் வாங்கியவனுக்கு யார் பார்ப்பது? நாமேதான் பார்க்கவேண்டும். சேப்பாக்கத்துக்குக் கிழக்கே பறக்கும் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். மேற்கே பெல்ஸ் ரோடு. ரயில் பக்கம் உட்கார்ந்தால் முதுகில் கடல், முகத்தில் மேற்கு வெயில். பெல்ஸ் ரோடு பக்கம் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலையில் தொடங்கும் டெஸ்ட் மேட்ச்சுக்கு இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளவேண்டும், மதியம் வரை.

'இப்பதான் கூரை போட்டுட்டானே' என்பீர்கள். வாஸ்தவம். பழைய ஸ்டேடியத்தில் தூண்கள் பார்வையை மறைக்கும். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது தூண் இல்லாமல் வெள்ளைத் துணிப் பந்தல் மாதிரி கூரை வந்தது. உச்சி வெயிலுக்கு அது அருமையான குடை. ஆனால் சூரியன் சாயச் சாய, கூரைக்குக் கீழே நுழைந்து எதிர்ப் பக்க முன் வரிசைகளை ஒரு கை பார்க்கும். எனவே முன் வரிசை ஆசையை விட்டு, மேலே, பெல்ஸ் ரோடு பக்கம் பிடித்தோம்.

மேட்ச் ஆரம்பித்ததும் எதிரே பார்த்தேன். மஞ்சள் சட்டைக் கூட்டம் மொத்தமும் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது. தோனிக்கு மரியாதை என்று நினைத்தார் மாமா.

ராஜஸ்தான் 141. சென்னை ஐந்து விக்கெட்டில் ஜெயித்தது. கெய்க்வாட் கடைசி வரை நின்றார். நான் பாதி மேட்சைத்தான் பார்த்தேன். மீதி நேரம் மாமா தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'என்ன மாப்ள, ஸ்கோர் போர்டு அங்க இருக்கு, என் மூஞ்சியில என்ன பாக்கற?'

ஸ்பெயினில் காளைச் சண்டை அரங்குகளில் இதற்கென்றே தனித்தனி ரேட் உண்டு. வெயில் ஸீட் மலிவு, நிழல் ஸீட் விலை அதிகம், வெயிலில் ஆரம்பித்து நிழலுக்கு வரும் ஸீட் நடுவாந்திரம். நேர்மையான வியாபாரம்! அமெரிக்காவில் பேஸ்பால் மைதானத்தை, அடிப்பவர் கிழக்கு வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி அமைப்பது நல்லது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. ஆகவே சாயங்காலம் அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்தவன் பிழைத்தான். டெக்சாஸ் ஆர்லிங்டனில் அதுவும் போதவில்லை. 1994-ல் கட்டிய திறந்த ஸ்டேடியத்தை விட்டுவிட்டு, மூடித் திறக்கும் கூரையும் ஏ.ஸி.யுமாகப் புதிது கட்டி 2020-ல் குடிபோனார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். டிக்கெட்டில் ஸ்டாண்டு எழுத்துக்குப் பக்கத்தில் 'மூன்று மணிக்கு மேல் வெயில்' என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

இதை நான் தமாஷுக்குக் கேட்கவில்லை. அதே 2024 அக்டோபர் 6-ஆம் தேதி, சேப்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மெரினாவில் விமானப் படையின் சாகசம். பட்டப்பகலில் லட்சக்கணக்கான ஜனம், திறந்த மணல். ஐந்து பேர் இறந்துபோனார்கள். அது அக்டோபர், அக்னி நட்சத்திரம்கூட இல்லை. டி.வி.யில் செய்தி ஓடியபோது மாமா வழக்கமாகச் சொல்லும் 86 கதையைச் சொல்லவில்லை. எழுந்து போய் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

எங்கள் பக்கத்து டோர்னமெண்ட்டுகளில் டிக்கெட்டும் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. அறுவடை முடிந்த நிலம், மேற்கே மங்கலாகக் கல்வராயன் மலை, வரப்போரம் ஒரு புளியமரம். அதுதான் கேலரி, பெவிலியன், வி.ஐ.பி. பாக்ஸ் எல்லாம். காலையில் கூட்டம் மரத்துக்கு மேற்கே உட்கார்ந்திருக்கும். மதியம் அடிமரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று மணிக்குக் கிழக்கே போய்விடும். யாரும் சொல்வதில்லை. பாய், சொம்பு, பேரன், பேத்தியோடு கேலரியே நகர்ந்துபோகும். மாமா அங்கே கெட்டிக்காரர். நிழல் அடுத்து எங்கே வரும் என்று அரைமணி முன்னாலேயே துண்டு போட்டுவிடுவார்.

போன சித்திரையில் ஒரு மேட்ச். எல்லைக்கோடு புளிய நிழலைத் தொட்டுக்கொண்டு போனது. தேர்ட் மேனில் நின்ற பையன் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு அடி பின்வாங்கி, கடைசியில் மாமா துண்டின் நுனியில் உட்கார்ந்தேவிட்டான். கேப்டன் அங்கிருந்து, 'டேய், உள்ள வாடா!' என்று கத்துகிறான்.

'பால் வந்தா நான் சொல்றேன், நீ உக்காரு தம்பி' என்றார் மாமா.